பழைய சிகரெட் கார்டுல நாடக நடிகைங்க: எப்படிப் பாக்கறது, வாங்கறது, வச்சுக்கறது

சிகரெட் கார்டுன்னா நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் பாதிப் பேரு காலி சிகரெட் பாக்கெட்டைக் கிழிச்சு வட்டம் போட்டு ஆடின வெளையாட்டைத்தான் நெனச்சுக்குவாங்க. அது வேற. நான் சொல்றது பாக்கெட்டுக்குள்ளயே கம்பெனிக்காரன் வச்சு அனுப்பின சின்ன அட்டை, சுண்டுவிரல் நீளத்தை விட கொஞ்சம் பெருசு, ஒரு பக்கம் படம் இருக்கும், இன்னொரு பக்கம் விளம்பரமோ வெறுமையோ இருக்கும். அதுல கிரிக்கெட்காரன், பறவை, கொடி, பட்டாளத்துக்காரன்னு என்னென்னவோ வந்துச்சு, ஆனா ஆரம்பத்துல அதிகமா வந்தது நாடக நடிகைங்க படம்தான். அந்த வகையை சேக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கும், தாத்தா ட்ரங்குப் பெட்டி மூடியில ஒட்டி வச்சிருந்தார் இது என்னன்னு போட்டோ எடுத்து அனுப்பறவங்களுக்கும் சேத்து இதை எழுதறேன்.

இது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அப்பல்லாம் சிகரெட் மெல்லிசு பேப்பர் பாக்கெட்டுல வரும், பையில போட்டா நசுங்கிடும், அதுக்கு முட்டுக் குடுக்க உள்ள ஒரு தடி அட்டை வச்சாங்க, சும்மா வெறும் அட்டையை ஏன் வைக்கணும்னு அதுல படம் போட்டாங்க. 1881ல பொன்சாக்குங்கறவர் சிகரெட் சுத்தற மெஷினுக்கு பேடன்ட் வாங்கினார், அதை அமெரிக்க சிகரெட் முதலாளி ஜேம்ஸ் டியூக் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சதும் சிகரெட் மலையா குவிஞ்சு போச்சு, குவிஞ்சதை விக்கணுமே, அதனால அமெரிக்காவுல டியூக், கின்னி, ஆலன் அண்ட் ஜின்டர்னு ஒவ்வொருத்தனும் போட்டி போட்டுக்கிட்டு படம் வச்சான். வாங்கறவன் பெரும்பாலும் ஆம்பளை, அதனால நடிகைங்க படம், அதுலயும் காலை ஒட்டின டைட்ஸ் போட்ட படம். டியூக்கோட அப்பா வாஷிங்டன் டியூக் பக்திமான், ஒரு பாதிரியார் புகார் எழுதினதைப் பாத்துட்டு 1894ல மகனுக்கு இந்த ஆபாசப் படத்தையெல்லாம் நிறுத்துன்னு லெட்டரே போட்டிருக்கார்.

1890ல இந்தப் போட்டிக் கம்பெனிங்க அஞ்சும் சேந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனின்னு ஒண்ணாயிட்டாங்க. சண்டை போட ஆளில்லைன்னா படம் எதுக்கு? அங்க கார்டு குறைஞ்சு போச்சு. அதனால அமெரிக்க நடிகை கார்டுன்னா பெரும்பாலும் 1880கள், 90களோட தொடக்கம். இங்கிலாந்துல அதுக்கப்புறம்தான் சூடு பிடிச்சுது. பிரிஸ்டல் வில்ஸ், லிவர்பூல் ஆக்டன்ஸ் இவங்க ரெண்டு பேரும் நடிகைங்க படத்தை அள்ளி விட்டாங்க. ஆக்டன்ஸ் கினி கோல்டுன்னு (Guinea Gold, அமெரிக்கக் கின்னி கம்பெனி வேற) ஒரு பிராண்டுக்கு நிஜ போட்டோவே பிரிண்ட் போட்டு வச்சான், ஆயிரக்கணக்குல வகை இருக்கு. 1940ல போர் நேரத்துப் பேப்பர் பஞ்சத்துல பிரிட்டன்ல கார்டு நின்னுடுச்சு.

நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னா, 1910ல கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியான்னு ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஐடிசின்னு நாம சொல்றது அதேதான். வில்ஸோட சிசர்ஸ் பிராண்டு இங்க விக்கறதுக்குன்னே வந்தது, அந்த பிராண்டு பேர்ல நடிகைங்க கார்டும் வந்துச்சு, 1912ல இந்தியன் ரெஜிமென்ட்ஸ்னு பட்டாளத்துக் கார்டும் வந்துச்சு. பெங்களூர் கண்டோன்மென்ட்ல வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த காலம், அங்க இருந்து ஓசூர் கிருஷ்ணகிரி எவ்வளவு தூரம் சொல்லுங்க. அதனால நம்ம பக்கம் ஒரு பழைய வீட்டுல சிசர்ஸ்னு போட்ட கார்டு கெடச்சா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, அமெரிக்க டியூக் கார்டு கெடச்சாதான் யாரோ பின்னாடி வாங்கி வச்சதுன்னு சந்தேகப்படணும்.

சரி, கார்டு கைக்கு வந்துடுச்சு. மொதல்ல மூஞ்சியைப் பாக்காதீங்க, திருப்பி முதுகைப் பாருங்க. எல்லாரும் அந்தம்மா அழகுல மயங்கி முன்பக்கத்தையே போட்டோ எடுத்து அனுப்பறாங்க, நான் பதிலுக்கு கேக்கற ஒரே கேள்வி பின்பக்கம் எங்கன்னுதான். பின்னாடி கம்பெனி பேரு, பிராண்டு பேரு, சீரிஸ் பேரு, மொத்தம் எத்தனை கார்டுன்னு இருக்கும். ஒரே நடிகையோட ஒரே படம் நாலு பிராண்டுல வந்திருக்கும், முன்பக்கம் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், முதுகு மட்டும்தான் வேற, அந்த முதுகு வித்தியாசத்துலதான் ஒண்ணு சாதாரணமாவும் இன்னொண்ணு அபூர்வமாவும் ஆகுது. முதுகு காலியா இருந்தா அதுவும் தகவல்தான், ஏன்னா டியூக், கின்னி மாதிரி 1880கள் போட்டோ கார்டு பலதுலயும் பிராண்டு பேரு முன்பக்கம் படத்துக்கு அடியிலதான் சின்னதா இருக்கும், ஆக்டன்ஸோட கினி கோல்டும் அப்படித்தான். முதுகுல கோந்துக் கறை, கிழிஞ்ச பேப்பர், பென்சில் நம்பர் இருந்தா யாரோ ஆல்பத்துல ஒட்டி வச்சிருந்ததைப் பிச்சு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், விலை குறையும், ஆனா ஒரிஜினல்ங்கறதுக்கு அதுவே நல்ல சாட்சி.

அடுத்தது ஸ்கேல் எடுங்க. பிரிட்டிஷ் கார்டுல ரொம்ப சாதாரணமான சைஸ் சுமாரா 36க்கு 67 மில்லிமீட்டர். அமெரிக்க சின்ன கார்டு சுமாரா 38க்கு 70. இதுல ஒண்ணு ரெண்டு மில்லி முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா ஒரு பக்கம் மட்டும் மூணு நாலு மில்லி கம்மியா இருந்தா மூலை மழுங்கினதை மறைக்க வெட்டியிருக்காங்க. பார்டர் நாலு பக்கமும் ஒரே அகலமா இருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சுடும். நூறு வருஷ அட்டைக்கு மூலை கத்தி மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

இப்ப முக்கியமான விஷயம், லென்ஸ். நகைக்கடைக்காரங்க வச்சிருப்பாங்களே பத்து மடங்கு லூப், இல்ல வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுவாரே அது, ஏதோ ஒண்ணு வேணும். போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாக்கறது பத்தாது, போன் தானா படத்தை மழுப்பி விட்டுடும். லென்ஸ் வச்சு அந்தம்மா கன்னத்தைப் பாருங்க. கன்னத்துல புள்ளியே இல்லாம வழவழன்னு நிழல் கரைஞ்சு போனா அது நிஜ போட்டோ. ஒழுங்கில்லாத புள்ளி, கையால குத்தின மாதிரி ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, ஒவ்வொரு கலரும் தனித்தனியா பதிஞ்சிருக்கு, சில இடத்துல கலர் கோட்டை விட்டு வெளிய வந்திருக்குன்னா அது கல் அச்சு, லித்தோகிராப், ஆலன் அண்ட் ஜின்டரோட கலர் அழகிங்க எல்லாம் இந்த வகை. புள்ளி எல்லாம் பட்டாளம் நிக்கற மாதிரி வரிசையா நின்னா ஹாஃப்டோன், அதுவும் பழசா இருக்கலாம், கருப்பு வெள்ளைல 1890களுக்கு மேல நிறைய உண்டு. ஆனா நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு நாலு கலர் புள்ளி சேந்து சின்னச் சின்ன வட்டப் பூவா தெரிஞ்சா கதை முடிஞ்சுது, அது நவீன ஆஃப்செட், ரீபிரிண்ட். எங்க இருந்து வந்ததுன்னு எவ்வளவு உருக்கமா கதை சொன்னாலும் கீழ வச்சுடுங்க.

1880கள் போட்டோ கார்டை ஒரு தடவை கையில வச்சுப் பாத்தா அப்புறம் யாரும் ஏமாத்த முடியாது. அது அட்டைல அச்சடிச்சது கிடையாது, முட்டை வெள்ளைக்கரு தடவின மெல்லிசு பேப்பர்ல போட்டோ பிரிண்ட் போட்டு அதைத் தனியா அட்டைல ஒட்டினது, ஆல்புமென்னு சொல்வாங்க. என்கிட்ட இருக்கற ஒண்ணுல கருப்பே இல்ல, கருப்பா இருக்க வேண்டியதெல்லாம் சாக்லேட் கலர், வெள்ளையா இருக்க வேண்டிய தொப்பி இறகு மஞ்சளா போயிருக்கு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா மேல லேசா ஒரு பளபளப்பு, அந்தப் பளபளப்புக்குள்ள மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுது. இடது கீழ் மூலைல போட்டோ பேப்பர் அட்டையை விட்டு நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கிட்டு நிக்குது, அதுக்கடியில பழைய பசை பழுப்பா காஞ்சு கெடக்கு. ரீபிரிண்ட்ல மஞ்சள் கலரை அச்சடிக்கலாம், இந்தத் தூக்கல் எப்படி வரும். 1900க்கு அப்புறம் வந்த போட்டோ கார்டுல வேற ஒரு அடையாளம் உண்டு, கருப்பான இடத்துல சாய்ச்சுப் பாத்தா நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு வரும், அது வெள்ளிச் சத்து மேல வந்து படியறது, கெட்டுப் போச்சுன்னு துணி வச்சுத் துடைச்சுடாதீங்க.

கடைசியா யூவி டார்ச். கள்ள நோட்டு பாக்க வச்சிருப்பாங்களே, அதுவே போதும். இருட்டு ரூம்ல அடிச்சுப் பாருங்க, அட்டை பளிச்சுனு நீல வெள்ளையா மின்னினா அந்தப் பேப்பர்ல வெளுப்பேத்தற கெமிக்கல் இருக்கு, அது 1940களோட கடைசி 50கள்லதான் பேப்பர்ல வர ஆரம்பிச்சது. பழைய அட்டை மங்கலா கெடக்கும். மின்னலைன்னா ஒரிஜினல்னு உறுதியா சொல்ல முடியாது, ஏன்னா வெளுப்பு இல்லாத பேப்பர் இன்னிக்கும் கெடைக்குது, ஆனா மின்னுச்சுன்னா டூப்ளிகேட் நிச்சயம்.

யாரு இந்தம்மான்னு கண்டுபிடிக்கறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலை. பேரு போட்டிருந்தா ஈஸி, லில்லியன் ரஸ்ஸல், லில்லி லாங்ட்ரி, எலன் டெர்ரி, சாரா பெர்ன்ஹார்ட், இவங்க எல்லாம் அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய ஸ்டாரு. பேரு தெரிஞ்சதும் பொறந்த வருஷத்தைத் தேடுங்க, விக்கறவன் சொல்ற காலம் அதோட ஒத்து வருதான்னு பாருங்க. லில்லி எல்சின்னு ஒரு நடிகை, 1907ல லண்டன் டேலிஸ் தியேட்டர்ல நடிச்சு ஒரே நாடகத்துல உச்சத்துக்குப் போனவங்க, பொறந்ததே 1886ல. அந்தம்மா படத்தை வச்சுக்கிட்டு 1880கள் கார்டுன்னு ஒருத்தர் எனக்கு விக்கப் பாத்தார், கைக்குழந்தை தொப்பி போட்டுக்கிட்டு போஸ் குடுத்துச்சான்னு கேட்டேன், அதோட பேச்சே இல்ல. ஆம்பளை கோட்டு சூட்டு தொப்பியில பொம்பளை இருந்தாலும் குழம்பாதீங்க, வெஸ்டா டில்லி மாதிரி ஆம்பளை வேஷம் கட்டறதையே தொழிலா வச்சிருந்தவங்க அங்க உண்டு. நம்ம பக்கம் பாரதக் கூத்துல திரௌபதி வேஷத்தை மீசை மழிச்ச ஆம்பளை கட்டிக்கிட்டு ஆடினாரு, அங்க பொம்பளை பேன்ட் போட்டுக்கிட்டு பாடினாங்க.

பேரு இல்லாத கார்டுன்னா நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் வெப்சைட்டுக்குப் போங்க. அங்க பர்டிக் கலெக்ஷன்னு இருக்கு, மூணு லட்சத்துக்கும் மேல அட்டை. ஜெபர்சன் பர்டிக்குங்கறவர் சாதாரண எலக்ட்ரிகல் கம்பெனி தொழிலாளி, கல்யாணம் பண்ணிக்கல, மூட்டுவாதத்துல கை விரலே மடங்காது, அந்தக் கையோட வருஷக்கணக்கா மியூசியத்துல உக்காந்து ஒவ்வொரு அட்டையா ஆல்பத்துல ஒட்டினார், 1963 ஜனவரியில ஒட்டி முடிச்சார், மார்ச்ல செத்துட்டார். இன்னிக்கு அமெரிக்க கார்டு சீரிஸுக்கு நாம சொல்ற நம்பர் எல்லாம் அவர் போட்டதுதான், 19ம் நூற்றாண்டு அமெரிக்க சிகரெட் கார்டுக்கு N, 20ம் நூற்றாண்டுக்கு T. N145ன்னா டியூக் நடிகர் நடிகைங்க, N245ன்னா கின்னியோட ஸ்வீட் கேப்பொரல் நடிகைங்க. இந்த நம்பரைப் போட்டுத் தேடினா பக்கம் பக்கமா வரும், உக்காந்து முகத்தை ஒப்பிட்டுப் பாக்கலாம். நியூயார்க் பப்ளிக் லைப்ரரியோட அரென்ட்ஸ் கலெக்ஷன்லயும் பிரிட்டிஷ் கார்டு ஏராளம். ரெண்டுமே இலவசம். அப்புறம் ஒண்ணு, பர்டிக் ஒட்டினார்னு நீங்களும் ஒட்டிடாதீங்க.

நம்ம நாடக நடிகைங்க படம் வேணும்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: கே.பி. சுந்தராம்பாள், டி.பி. ராஜலட்சுமி இவங்களோட நாடக காலத்தைத் தேடறீங்கன்னா சிகரெட் கார்டு பக்கம் வராதீங்க, நாடக நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம், கிராமபோன் கம்பெனி கேட்லாக் இதுங்க பின்னாடி போங்க. அது தனி ஒலகம்.

வாங்கறதைப் பத்தி. ஹோனஸ் வாக்னர்னு ஒரு பேஸ்பால் பிளேயரோட சிகரெட் கார்டு 2022 ஆகஸ்ட்ல 72.5 லட்சம் டாலருக்குப் போச்சு, அந்த நியூசைப் பாத்துட்டு நம்ம வீட்டுக் கார்டும் கோடிக்குப் போகும்னு கனவு காணறவங்க உண்டு, நடிகைங்க கார்டு அப்படிக் கிடையாது, சாதாரணமா கெடைக்கறது சில டாலர், சில பவுண்டுதான். இது எனக்கு நல்ல விஷயமாத்தான் படுது, சம்பளக்காரன் சேக்கக் கூடிய பொருளா இருக்கு. பல நேரம் கார்டை விட தபால் செலவுதான் ஜாஸ்தி, அதனால ஒண்ணு ரெண்டா வாங்காம ஒரே ஆளுகிட்ட ஒரு கட்டா வாங்குங்க. ஈபேல வாங்கும்போது பின்பக்கப் போட்டோ இல்லாத லிஸ்டிங்கைத் தொடவே தொடாதீங்க, கேட்டும் அனுப்பலைன்னா விட்டுடுங்க. டெஸ்க்ரிப்ஷன்ல ‘விண்டேஜ் ஸ்டைல்’னு இருந்தா அது புதுசு. வெளிநாட்டுல இருந்து வந்தா கஸ்டம்ஸ் டூட்டி வரலாம், கணக்குல வச்சுக்கங்க, கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லு டூட்டி வராதுன்னு சொல்ற அறிவாளிங்களை நம்பாதீங்க, அந்த 5000 ரூபாய் சலுகை 2019 டிசம்பர்லயே போயிடுச்சு.

உள்ளூர்ல தேடறதுன்னா ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில ஆடு, காய் வாங்கப் போறப்ப பழைய சாமான் விரிச்சிருந்தா ஒரு கண்ணு போடுங்க, பழைய பேப்பர் கடை, பழைய இரும்புக் கடைக்காரங்ககிட்ட சொல்லி வைங்க, ட்ரங்குப் பெட்டி, கண்ணாடி பிரேம் வந்தா பிரிக்கறதுக்கு முன்ன கூப்பிடுங்கன்னு. கார்டுக்கு ஆசையா இருக்கீங்கன்னு தெரிஞ்சா வெல ஏறிடும், பெட்டியோட சேத்துக் கேளுங்க. பெட்டி மூடியில ஒட்டியிருந்தா அங்கேயே நகத்தால பிச்சு எடுக்க ஆரம்பிக்காதீங்க, மூடியோடவே தூக்கிட்டு வாங்க. தண்ணியில ஊற வச்சா வந்துடும்னு இன்டர்நெட்ல சொல்வாங்க, லித்தோ கார்டுல சில பேரு அப்படிச் செய்யறாங்கதான், ஆல்புமென் போட்டோல செஞ்சீங்கன்னா பசை கரைஞ்சு போட்டோ தனியா சுருண்டுக்கும், அப்புறம் அழுது பிரயோஜனமில்ல. வராததை அப்படியே விட்டுடறதுதான் என் கட்சி.

வச்சுக்கற விஷயத்துல நம்ம ஜனங்களோட முதல் எதிரி லேமினேஷன். ரேஷன் கார்டு, ஆதார், கல்யாணப் பத்திரிகைன்னு எதைக் கண்டாலும் லேமினேட் பண்ணிடற கை, இதையும் பண்ணிடும். சூடு பட்டு பசை உள்ள போயிடுச்சுன்னா பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது, அந்தக் கார்டுக்கு மதிப்பும் இல்ல. ஸ்டேஷனரி கடையில கெடைக்கற வாசனை அடிக்கற பிவிசி கவரும் வேண்டாம், நாளாக ஆக அது பிசுபிசுத்து படத்துல ஒட்டிக்கும். பாலிபுரோப்பிலீன் இல்ல பாலியெஸ்டர் கவர், அதுல ஆசிட் ஃப்ரீ அட்டை ஒண்ணு பின்னாடி முட்டு, அவ்வளவுதான். செலோ டேப், ஃபெவிகால், ஸ்டேப்ளர் எதுவும் கிட்ட வரக்கூடாது.

தருமபுரி, அரூர் பக்கம் வெயில் ஒரு கஷ்டம், பரண் மேலயோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலயோ வச்சா அட்டை காஞ்சு வில்லா வளைஞ்சுடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஈரம் இன்னொரு கஷ்டம், மழைக்காலத்துல பூசணம் பூத்துடும். ரெண்டுக்கும் ஒரே வழி, வீட்டு நடு ரூம்ல, வெளிச்சுவத்தை ஒட்டாத பீரோவுல நடுத் தட்டு, டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை மாசத்துக்கு ஒரு தடவை பாத்து மாத்தணும். ராமபாணப் பூச்சிக்கு இந்தப் பழைய பசைன்னா விருந்து, அதனால டப்பா இறுக்கமா மூடறதா இருக்கட்டும். அந்துருண்டையை உள்ள போடாதீங்க, அதோட ஆவி போட்டோலயும் பிளாஸ்டிக்லயும் படியும். வேப்பிலையும் வேண்டாம், இலை ஈரம் கறை பிடிச்சுடும். சுவத்துல பிரேம் போட்டு மாட்டணும்னு ஆசையா இருந்தா நல்லா ஸ்கேன் எடுத்து பிரிண்டை மாட்டுங்க, ஒரிஜினல் பீரோவுல இருக்கட்டும்.

இன்னொண்ணு, பின்னாளில் வெளிநாட்டு ஆளுக்கு வித்துடலாம்னு நெனக்கறவங்களுக்கு. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, உங்க சிகரெட் கார்டு அதுல வருதா வராதான்னு நீங்களோ நானோ முடிவு பண்ண வேண்டாம், தொல்லியல் துறை ஏஎஸ்ஐல கேட்டு தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு அனுப்புங்க. நாட்டுக்குள்ள விக்கறதுக்கும் மாத்திக்கறதுக்கும் பெங்களூர், சென்னைல தபால் தலை, நாணயம் கண்காட்சி நடக்கறப்ப போனா ஆளுங்க கெடைப்பாங்க, ஸ்டாம்ப் மேசைக்காரங்ககிட்ட ‘சிகரெட் கார்டு இருக்கா அண்ணா’ன்னு கேளுங்க, பெரும்பாலும் மேசைக்கு மேல இருக்காது, அடியில இருக்கற டப்பாவைக் கிளறச் சொல்வாங்க. லூப்பையும் ஸ்கேலையும் பையில மறக்காம போட்டுக்கிட்டுப் போங்க.